தலைவி நடந்த நேரம்

எடை குறைப்புக் குழுவின் தலைவி “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று சொன்ன மறுநாளிலிருந்து, உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேருக்கும் நடைப்பயிற்சிக்குக் கால் எழவில்லை. கடைக்குப் போகக் கால் வந்தது, வேலைக்கு ஓட வந்தது. உடம்புக்காக நடக்கலாம் என்று ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் மட்டும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டன. ஷூவைக் கழற்றும்வரை விடவில்லை. எல்லாம் தன் சோம்பல்தான் என்று நினைத்து ஒவ்வொருவரும் வாரக் கூட்டத்தில் “நடந்தேன்” என்று கூசாமல் சொன்னார்கள்.

தலைவி வாயைக் கட்டியே இருபது கிலோ இறக்கியவள். தட்டில் விழுவதை அளப்பதில் புலி. நடை என்றால் வேப்பங்காய். மூன்று தெரு தள்ளியிருந்த கூட்ட அறைக்கு ஸ்கூட்டரில்தான் வருவாள். அறிவுரைத் தாளில் நடைப்பயிற்சி எட்டாவது வரி. அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒன்பதாவதற்குத் தாவிவிடுவாள்.

மூன்றாவது வாரம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்து உண்மையைக் கொட்டினார். சர்க்கரை இறங்காவிட்டால் மூன்று மாதத்தில் கால் விரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பாதமோ வாசலைத் தாண்டவில்லை. “புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கால் மணி நேரம் நல்லா நடந்தேன்மா.” எனக்கும், எனக்கும் என்று அறை முழுக்கக் குரல்கள். உறுப்பினர்களில் ஒருத்தியான தையற்காரிக்குக் கத்தரி மாதிரி மூளை.

“அக்கா, புதன்கிழமை அஞ்சரைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“ஸ்கூட்டர் பஞ்சர். வீடுவரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன்.”

“அதுக்கு முன்னாடி எப்ப நடந்தீங்க?”

தலைவிக்குக் காது மடல் வரை சூடேறியது. “நான் நடக்கறதே இல்லீங்க” என்றாள். திட்டப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவரோ ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, “நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கிளம்புறீங்க? நானும் ரெடியா இருக்கணும்ல” என்றார்.

காலை ஆறுக்குக் கிளம்பினாள். தபால் நிலையத்து முனையிலேயே மூச்சு வாங்கியது. அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்ததும் போன் அடித்தது. “அக்கா, எந்திரிங்க! நடு ரோட்டுல நிக்கிறேன், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்!” தையற்காரிக்காக எழுந்தவள், டிரைவரின் விரலை நினைத்துக்கொண்டு அரை மணியையும் முடித்தாள். நான்காம் நாள் கால் வலித்தது, பத்தாம் நாள் வலி விட்டது, இரண்டாம் மாதம் ஒரு நாள் தன்னையறியாமல் ஒரு தெரு கூடுதலாக நடந்து வந்து, மற்றவர்களையும் கூடவே நடக்கவைத்ததற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் கெடுவைத் திரும்பப் பெற்றார். டிரைவருக்குப் பத்து விரலும் பத்திரம்.

பிறகு வந்த வருடங்களில் குழு பெருகி, அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஊரில் முப்பது, நாற்பது பேருக்கு நடையிலிருந்து விடுமுறை. மலைமேல் இருந்த தங்கை வீட்டுக்கு அவள் ஒரு வாரம் போய்வந்தபோது அத்தனை பேருக்கும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அலுவலகங்கள் அதற்கும் விடுப்பு கொடுத்தன. இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஆறாவது வருடம் ஒரு கூட்டத்தின் முடிவில் தலைவி கொஞ்சம் கூச்சத்தோடு, “அடுத்த மாசம் நீச்சல் கத்துக்கலாம்னு இருக்கேன்” என்றாள். உறுப்பினர்கள் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்கள். தையற்காரி அளவு நாடாவை எடுத்து, முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக நீச்சல் உடைக்கு அளவெடுக்க ஆரம்பித்தாள்.