சுவரோரக் குழாய்

"கதவை இன்னும் கொஞ்சம் இழைச்சா..."

"இழைங்க, நல்லா இழைங்க. இழைச்சு இழைச்சுக் கடைசியில தாழ்ப்பாள்தான் மிஞ்சும். அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குவோம்."

"மரம்னா ஈரத்துக்கு ஊதத்தான்டி..."

"மரம் ஊதினா சுவர் எதுக்குங்க வெடிக்குது? எல்லார் வீட்டையும் கட்டின கொத்தனார், சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடறப்ப மட்டும் கண்ணை மூடிக்கிட்டாரா?"

கொத்தனார் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். நிலையின் மேல்மூலையில் தொடங்கிய விரிசல் சாய்வாகக் கூரைவரை போயிருந்தது. போன வாரம்தான் பூசி மூடினார். அதே இடத்தில் மறுபடி வாய் பிளந்து நிற்கிறது. கையில் கரணையோடு, அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வாடா, நல்ல நேரத்துல வந்தே" என்று, தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே நுழைந்த தம்பியிடம் சொன்னாள் அக்கா. "உங்க மாமா கட்டின அரண்மனையைப் பார்த்துட்டுப் போ."

தம்பிக்கு எதிரே நடக்கும் கட்டட வேலையில் பம்பு மேற்பார்வை. கடலுக்கு இத்தனை பக்கத்தில் மூன்று தளம் கீழே தோண்டுகிறார்கள். குழி காய்ந்திருக்க ராப்பகலாகத் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைத்தால் சுற்றிலும் உள்ள மண் வறண்டு அமுங்கும் என்பதால், இறைத்ததில் நல்ல தண்ணீரைச் சந்தில் உள்ள வீடுகளின் ஓரமாகக் குழாய் இறக்கித் திரும்ப மண்ணுக்கே கொடுப்பார்கள். மண்ணுக்குள் நீர்மட்டம் சரியாக இருக்கிறதா என்று சந்துக் கடைசியில் உள்ள அளவுக் குழாயில் தினமும் நாடா விட்டுப் பார்ப்பது இவன் பொறுப்பு. மட்டம் ஒருநாளும் இறங்கியதில்லை.

அக்கா கொடுத்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தவன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான்.

"என்னக்கா, உப்புக் கரிக்குது?"

"கொஞ்ச நாளா அப்படித்தான். கிணத்துத் தண்ணி. அதை வெட்டினதும் உங்க மாமாதானே, வேற எப்படி இருக்கும்?"

மாமா கூடச் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. மண்ணுக்குள் நல்ல தண்ணீரின் மட்டம் இறங்கினால்தான் அந்த இடத்துக்குக் கடல்நீர் வரும். இந்த வீட்டின் அடியில் மட்டம் இறங்கியிருக்கிறது. அப்படியானால் தினமும் அவன் அளந்தது எதை?

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. முன்பு இந்தச் சுவரோரம்தான் தண்ணீர் கொடுக்கும் குழாய் ஒன்று இருந்தது. அக்கா குறைப்பட்டுக்கொண்டாள் என்று அதை அடைத்துவிட்டுச் சந்துக் கடைசியில் வேறொன்று இறக்கினான். இஞ்சினியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறக்கிய இடம் அளவுக் குழாய்க்குப் பக்கத்திலேயே. அங்கே ஊற்றிய தண்ணீரையே அங்கே அளந்துவிட்டு, மட்டம் பிரமாதம் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாப்ள, நாளைக்கு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துடப் போறேன்" என்றார் மாமா. "கலவையில சிமெண்டைக் குறைச்சுட்டேனோ என்னவோ. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், பிடிபடல. ஒத்துக்கிட்ட வேலையையும் வேணாம்னுட்டேன். தன் வீடே நிக்காதவன் அடுத்தவன் வீட்டுல போய் எந்த மூஞ்சியோட கல்லு வைக்கிறது?"

"அதாவது தெரிஞ்சுதே!" என்றாள் அக்கா.

சொல்லாமல் எழுந்து போய்விடலாம். நாளைக்கே குழாயைப் பழைய இடத்தில் இறக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. அவன் வேலையும் போகாது. மாமா கரணையால் விரிசலைச் சுரண்ட ஆரம்பித்தார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"தோண்டாதீங்க மாமா."

"ஏன்?"

"உங்க மேல தப்பில்ல. அடியில மண்ணு அமுங்கிடுச்சு. நாங்க தண்ணி இறைக்கிறதால. நான்... குழாயை இடம் மாத்தினேன். மாத்தியிருக்கக் கூடாது."

மாமாவின் கை நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தான். அவரோ சின்னப்பிள்ளை போலக் கேட்டார்:

"அப்ப கலவை சரியாத்தான் போட்டிருக்கேனா?"

"சரியாத்தான் போட்டிருக்கீங்க மாமா."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"எந்தக் குழாய்டா?" என்றாள்.

"இங்க சுவரோரம் இருந்துச்சே."

"அதை எதுக்கு மாத்தினே?"

"சும்மா... போக வர இடைஞ்சலா இருந்துச்சுக்கா."

"சந்துல யாருக்குடா இடைஞ்சல்?"

அவன் தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்து விட்டான். அக்காவின் கண் விரிசலிலிருந்து சுவரின் அடிப்பக்கம் இறங்கியது. முன்பு ஈரம் ஏறிப் பாசி படர்ந்த இடம். இப்போது வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது.

"டேய் தம்பி, சுவர் ஈரமாகுதுன்னு நான் சொன்னேனே... அதுக்காகவாடா?"