கூரை ஏறும்வரை

கூட்டத்தின் நடுவே, திரையிலிருந்த எண்கள் தெல்மோவுக்குப் புரியாமல் போயின. அவனே போட்ட எண்கள்தான். போலந்தில், லூப்ளின் நகருக்கு வெளியே அவன் பொறுப்பில் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைக்குக் கூரை எப்போது ஏறும் என்று யாரோ கேட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று வெளியே வந்தவன், தன் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். பனி விழுந்து கண்ணாடியை மூடிக்கொண்டே வந்தது. அது நல்லதாகத்தான் பட்டது.

கணக்குப் பிரிவு போஷெனா அவன் விட்டுவந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"இன்ஜினியர் சார், உங்களுக்கு வயித்துவலின்னு உள்ள எல்லாரும் பேசிக்கிறாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இறங்குங்க."

"முடியல."

"என்ன முடியல?"

"கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது, போஷெனா."

சிரிக்கப் போனவள் அவன் விரல்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அந்தப் பக்கம் நகருங்க. நான் ஓட்டுறேன்."

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்தார். தெல்மோ வேலை அறிக்கை படிப்பதுபோல் பதில் சொன்னான். கடைசியாக ஊருக்குப் போனது எப்போது என்று கேட்டபோது வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. மொழிபெயர்க்க உடன் வந்திருந்த போஷெனா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். மேல்வீட்டார் உலர்த்தும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதென்று அவன் மனைவி செலியா ஜன்னல் வழியே தலையை நீட்டிப் போடும் சண்டை, ஏனோ அப்போது அவன் காதில் கேட்டது. போர்ச்சுகலில், அவெய்ரோ வீட்டில் இருந்தவரை அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்ததே இல்லை.

போர்ச்சுகலிலிருந்த மேலாளர் அர்மாண்டோவைப் போனில் அழைத்து விடுப்பு கேட்டான்.

"கூரை ஏறட்டும்டா. அப்புறம் எவ்வளவு வேணா தூங்கு."

"அஸ்திவாரம் போடும்போதும் இதத்தான் சொன்னீங்க."

"நடுவுல போனா, திரும்பி வரும்போது உன் இடம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது, தெல்மோ."

வீட்டுக் கடன், செலியாவின் பாதிநேர வேலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "நான் போறேன்" என்று யாரோ சொல்வது கேட்டது. அவன் குரல்தான்.

அவெய்ரோவில் மழை விட்டிருந்தது. கதவைத் திறந்த செலியா அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, எலும்பும் தோலுமா வந்திருக்க? அங்க சோறே போடலையா?" என்றவள் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நான்கு வயது மகள் லியோனோர் தூரத்தில் நின்று அவனை அளந்தாள். போன் திரையில் பார்த்த முகம்தான். ஆனால் ஆள் இவ்வளவு உயரம் இருப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று யாரோ சொல்லிக்கொடுத்தது நினைவு வந்தவளாய், அருகில் வந்து அவன் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க. இது சமையல் ரூம், இங்க ஓடக் கூடாது. இது பாத்ரூம். கைய இங்க கழுவிக்கோங்க."

கழுவிக்கொண்டான். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். நடைவழியின் கடைசியில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்றாள்.

"இது அம்மா ரூம். தட்டிட்டுத்தான் போகணும்."

தெல்மோ தட்டினான். உள்ளே யாருமில்லை. இருவரும் பதிலுக்காகக் காத்து நின்றார்கள்.