நடுவில் ஓர் ஆள் இடம்

நாத்தனார் வேலை மாறி வேறு ஊருக்குப் போவதற்குள், இரண்டு பேருமாக உருப்படியாய் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணி கங்கணம் கட்டிக்கொண்டாள். அதற்காகவே பழைய சாமான் கடையில் ஒரு ஜூம் ஃபிலிம் கேமரா வாங்கினாள். பொத்தானை அழுத்தினால் ஆமைபோலத் தலையை நீட்டும். ஃபோகஸையும் தானே பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்ட லட்சணம் கழுவி வந்த படங்களில் தெரிந்தது. பின்சுவரின் விரிசல்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. இவர்கள் முகம்தான் புகைமூட்டம்.

“கண்ணு தெரியாத கேமராவை உங்க தலையில கட்டிட்டான் அண்ணி!”

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். “கேமரா மேல பழி போடாதீங்கம்மா. நட்டநடுவுல இருக்கறதைத்தான் அது பிடிக்கும். நீங்க எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு ஆள் இடம் விட்டுல்ல நிக்கறீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் எந்தப் படத்திலும் நடுவில் நிற்பவர் அண்ணன்தான். மனைவி ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அவர் இறந்து வருஷம் ஒன்றாகியும் கால்கள் பழக்கத்தை விடவில்லை.

“போன பிறகும் நடுவுலதான் நிக்கறார் பாருடி உங்கண்ணன்.” அண்ணியின் குரல் இடறியது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

“நின்னது போதும், கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க.”

புது ரோல் போட்டு, கேமராவை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தார்கள். நாத்தனார் அண்ணியை இடுப்போடு வளைத்து இழுத்தாள்.

“காலை மிதிக்காதேடி!”

கிளிக்.

அண்ணி வாயைப் பிளந்துகொண்டிருக்கும் அந்தப் படத்தைத்தான் இரண்டு வீட்டிலும் மாட்டினார்கள். இரண்டு முகமும் பளிச்சென்று விழுந்திருந்தன.