சன்னலை உடைத்த நாகையா

1918 அக்டோபரில், ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் விஷக்காய்ச்சல் பரவியபோது மாரியாயிக்குப் பதினாறு வயது. ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய தம்பியும் அந்தக் காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் புதைத்த மறுநாள், பக்கத்து வீட்டு நாகையாவிடமும் அவன் கூட்டாளி பக்கிரிசாமியிடமும் அவள் சொன்னாள்:

"குமாஸ்தா வீடுங்கள்ல எல்லாரும் படுத்துட்டாங்க, அடுப்பு எரியலியாம். கஞ்சி காய்ச்சிக் கொண்டு போவோம்."

நாகையா தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீடுகளில் ஒரு சைக்கிள் காணாமல் போனபோது, லயத்துப் பையன் என்ற ஒரே காரணத்துக்காக அவனைப் பிடித்துப்போய் அடித்திருந்தார்கள். சைக்கிள் பிறகு வேறெங்கோ கிடைத்தது. அதற்காக யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவங்களுக்கு நாம திருட்டுப் பசங்க, குடிகாரப் பசங்க. நம்ம கையால வாங்கிக் குடிப்பாங்களா?" என்றான்.

"குடிக்காட்டிப் போகட்டும். நாம போகலன்னா, அவங்க சொல்றதுதான் நெசம்னு ஆயிடும்."

மறுநாள் காலையில் நாகையா விறகோடு வந்து நின்றான். கடைக்காரர் பழனியப்பன் நொய்யரிசி கொடுத்தார். மூவரும் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சிலர் கதவைத் திறந்தார்கள். சிலர் பாத்திரத்தை மட்டும் வெளியே நீட்டினார்கள்.

கிறிஸ்தவத் தமிழரான ரயில்வே குமாஸ்தா லெஸ்லியின் வீட்டில் கதவு திறக்கவே இல்லை. அவர் மனைவி டொரத்தி சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள்.

"யாரு?"

"லயத்துலேருந்து வரோம்மா. கஞ்சி கொண்டாந்திருக்கோம்."

"எங்களுக்கு வேணாம். படியில ஏறாதீங்க."

உள்ளே ஆண் இருமும் சத்தம் கேட்டது. மறுநாளும் அதே பதில்தான். அதற்கடுத்த நாள் டொரத்தியின் குரலும் வரவில்லை. குழந்தை மட்டும் கம்மிய தொண்டையில் அழுதுகொண்டிருந்தது. எவ்வளவு தட்டியும் பயனில்லை. நாகையா ஒரு கல்லை எடுத்துச் சன்னலை உடைத்து, உள்ளே கைவிட்டுத் தாழை நீக்கி ஏறிக் குதித்து, கதவைத் திறந்துவிட்டான்.

லெஸ்லி கட்டிலில் செத்துக் கிடந்தார். டொரத்தி தரையில் நினைவின்றிக் கிடந்தாள். பேசில் என்ற அவர்களுடைய ஆண் குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மாரியாயி அவனைத் தூக்கிக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினாள். ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி பிடிக்க நாகையா வெளியே ஓடினான்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு எதிர்வீட்டார் அதற்குள் போலீஸைக் கூட்டி வந்திருந்தார்கள். கண்ணாடி கீறிய கையில் ரத்தத்தோடு வந்த நாகையாவைப் படியிலேயே பிடித்துவிட்டார்கள்.

"உள்ள வந்து பாருங்கய்யா. அவங்களக் காப்பாத்தத்தான் உடைச்சான்," என்று மாரியாயி கெஞ்சினாள்.

"வீட்டுக்காரங்க வந்து சொல்லட்டும்," என்றார் போலீஸ்காரர். காய்ச்சலுக்குப் பயந்து உள்ளே நுழையாமல் நாகையாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்கள்.

வண்டியைப் பிடித்து வந்தவன் பக்கிரிசாமி. டொரத்தி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். மாரியாயி ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தாள். நாகையாவின் தாய் பவுனம்மாள் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். லாக்கப்பில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களிடமிருந்து நாகையாவுக்குக் காய்ச்சல் தொற்றியது. அவனைப் பிணமாகத்தான் வெளியே கொடுத்தார்கள்.

டொரத்தி தேறி எழுந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தாள்.

"உங்க மகன் திருடன் இல்லேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேங்க."

பவுனம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அது எனக்குத் தெரியும். அவன் உசிரோட இருந்தப்ப சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பான்." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குமாஸ்தா வீடுகளில் டொரத்தி சொன்னதைச் சிலர் நம்பினார்கள். காய்ச்சலில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் மற்றவர்கள். அவர்களோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பக்கிரிசாமி அதன்பின் கஞ்சி கொண்டு போக வரவில்லை. மாரியாயி அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. போலீஸைக் கூட்டி வந்த எதிர்வீட்டிலும் இப்போது இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அந்தப் படியில் வாளியை இறக்கி வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.