வால் நறுக்கிய மீன்கள்

என் கணவர் போன பிறகு அவருடைய அரோவானா மீனுக்குத் தீனி போடும் வேலை என் தலையில் விழுந்தது. கூடத்துச் சுவரோரம் கண்ணாடித் தொட்டி. அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். அதை அவர் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். "மாப்பிள்ளைக்குப் பசி வந்துடுச்சு, நீ உள்ள போ" என்று என்னை அனுப்பிவிட்டுத்தான் உயிர் மீன்களைப் போடுவார். என் மனசு நோகக் கூடாதென்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதும், என் கொழுந்தன் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் குட்டி மீன்களோடு வந்தான்.

"இனிமே நீங்கதான் அண்ணி பாத்துக்கணும். ஒரு தடவை செஞ்சு காட்டறேன்."

ஒரு மீனை அள்ளி ஈரத்துணியில் வைத்தான். சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அதன் வாலில் பாதியை நறுக்கினான்.

"டேய், என்னடா பண்றே?"

"மாப்பிள்ளைக்கு வயசாச்சுல்ல? துரத்தினா மூச்சு வாங்கும். அண்ணன் கத்துக்குடுத்த வித்தை."

தண்ணீரில் விழுந்த குட்டி மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து, இருந்த இடத்திலேயே சுழன்றது. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. நெருங்கி வந்தது, விலகியது, மறுபடி வந்தது. கொழுந்தன் நாற்காலியைக் கண்ணாடியருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க!" வாய் திறந்து மூடியது. செவுள் வழியே சில செதில்கள் வெளியே வந்து மிதந்தன.

நகவெட்டி துணியின் மேல் கிடந்தது. அது என் கணவருடையது; ஆஸ்பத்திரியில் அவருடைய விரல் நகங்களை நான் அதைக்கொண்டுதான் வெட்டிவிட்டிருந்தேன். குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

"இனிமே உயிர் மீன் கிடையாது" என்றேன் திரும்பி வந்து.

"அப்ப பட்டினி கிடந்து சாகும். அண்ணன் உசிரா வளர்த்தது. அதையும் அவரோடயே அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா?"

அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. அவர் கைபட்டு வளர்ந்ததில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அன்று மீதியிருந்த மீன்களை அவனோடு திருப்பி அனுப்பினேன். இறாலை உரித்துத் துண்டாக்கி, குச்சி நுனியில் குத்தி, நீருக்குள் மெல்ல அசைத்துக் காட்டினேன். மாப்பிள்ளை முகம் திருப்பிக்கொண்டது. அழுகிய துண்டுகளை அள்ளி அள்ளி என் விரல்கள் நாறின. அதன் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. நான்தான் கொல்லப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் குச்சியோடு சேர்த்துப் பிடித்து இழுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை கொழுந்தன் வந்தபோது பெருமையோடு செய்து காட்டினேன். மாப்பிள்ளை துண்டைக் கவ்விக்கொண்டு போயிற்று. கொழுந்தன் கொட்டாவி விட்டான்.

"இதுல என்ன அண்ணி இருக்கு?"

"அதுக்கு வயிறு நிறையுதுடா."

"அது நிறையும். முதல்ல அண்ணனும் இறால்தானே போட்டுக்கிட்டிருந்தாரு? நல்லாத்தான் தின்னுச்சு. நாங்க நாலு பேரு உக்காந்து பாத்தா சப்புனு இருந்துச்சு. அப்புறம்தான் இந்த வால் ஐடியா. அண்ணன் மூளையே மூளை!"

"நீ கிளம்புடா" என்றேன்.

"ஏன் அண்ணி, நான் என்ன சொல்லிட்டேன்?"

அவனோடு சேர்த்து அவன் அண்ணனையும் அந்த நேரம் நான் அருவருத்தேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. மீன் பசியோடு கண்ணாடிக்கு வந்து நின்றது. இன்னொரு துண்டைக் குத்தி நீட்டினேன்.