இருபத்திரண்டு டன்

எங்கள் அலுவலகத்தில் தப்புக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்தவர் தப்பை என்று சேர்த்துப் படிக்கவும்.

இரண்டு கட்டடங்களை இணைக்கும் இரும்பு நடைபாலத்தைக் கணினியில் கட்டிச் சோதித்தது நான். தரையில் பூட்டி முடித்த பாலத்தைக் கிரேனில் தூக்கி மேலே வைக்கப்போகிறவள் என் அக்கா. பதினேழு டன் என்று நான் எழுதிக் கொடுத்ததை நம்பி, இருபது டன் தூக்கும் கிரேனை வரவழைத்திருந்தார்கள். ஏசி ரூமில் படம் வரைகிறவள் என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வாள்.

பத்து மணிக்குத் தூக்குவதாக ஏற்பாடு. அவள் வாயை அடைக்கவென்றே, காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டின் எடையையும் கையால் கூட்டினேன். இருபத்திரண்டு வந்தது. மறுபடி கூட்டினேன். அதே இருபத்திரண்டு.

மென்பொருளைத் திறந்தேன். புவியீர்ப்பைக் காட்டும் அம்பு கீழ்நோக்கி ஜம்மென்று நின்றது. ஆனால் நடைதளத் தகடுகளுக்கு நான் புதிதாகச் சேர்த்த இரும்பில், அடர்த்தி என்ற கட்டம் காலியாக இருந்தது. அடர்த்தி இல்லாத பொருளை எந்த ஈர்ப்பு இழுக்கும்? ஐந்து டன் தகடு கணக்கிலேயே வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கட்டத்தை நிரப்பிச் சோதனையை மறுபடி ஓடவிட்டேன். பாலம் தாங்கியது. கிரேன்தான் தாங்காது.

மேலாளரிடம் ஓடி வேலையை நிறுத்தச் சொன்னேன். யார் தப்பு என்று கேட்டார். மென்பொருள் மேல் பழியைப் போட நுனிநாக்கு வரை வார்த்தை வந்தது.

"என் தப்பு சார். அக்கா ஏறுற வண்டி அது. வேற யார் ஏறினாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

மூன்று நாள் கழித்துப் பெரிய கிரேன் வந்தது. வேலையிடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான் ஒதுங்கி நின்றேன். பாலம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் அக்கா நிறுத்தினாள். கொக்கி, கயிறு எடையைக் கழித்து, திரையில் தெரிந்ததை வாக்கி டாக்கியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"இருபத்திரண்டு. சரியா இருக்கு." கொஞ்சம் விட்டு மறுபடி அவள் குரல் வந்தது. "இத்தனை வருஷத்துல தப்பா எழுதின எடையைத் தானே வந்து திருத்தினவங்க யாரும் இல்ல. என் தங்கச்சி திருத்தினா. தூக்கலாமா?"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். சரியாகப் போட்ட எந்தக் கணக்குக்கும் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.