உதட்டில் விரல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில், ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயக்கொடியின் மேசைமேல் சுப்புராஜ் போனை வைத்தார். அதில் ஹெப்சிபா மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டு.

"இந்தம்மாவா டீச்சர் நம்ம பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகுது?" சுப்புராஜ் பெற்றோர் சங்கத் தலைவர்.

"எத்தன தடவ பாத்தீங்க அண்ணாச்சி?" என்றாள் எதிரே நின்ற ஹெப்சிபா.

சுப்புராஜ் போனை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஹெப்சிபா சினிமாவில் கதாநாயகியின் தோழி, இரண்டு பாட்டு, சீரியலில் கொடுமைக்கார நாத்தனார், பிறகு அடுத்தவள் வாய்க்கு டப்பிங் குரல். எல்லாம் வேலை. அவளுக்கு அதில் வெட்கமில்லை. ஒளிந்து பார்த்தவர்கள் வெட்கப்படட்டும். இப்போது ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளி பள்ளியாகக் கதை சொல்கிறாள். இங்கே விரட்டினால் மற்ற பள்ளிகளும் கதவைச் சாத்தும்.

"அரை மணி நேரம் சொல்லட்டும். பிள்ளைக ஒட்டலேன்னா இன்னையோட சரி" என்றார் ஜெயக்கொடி.

ஹாலில் நூறு பிள்ளைகள். அத்தனை உதட்டிலும் விரல். விருந்தாளி முன்னால் மூச்சுவிடக் கூடாதென்று உத்தரவு.  பிள்ளைகளிடம் ஒரு 'ம்' வாங்கித்தான் ஹெப்சிபா அடுத்த வரிக்குப் போவாள்.

"விரல எடுங்க கண்ணுகளா."

பிள்ளைகள் ஜெயக்கொடியைப் பார்த்தன. அவர் முறைத்தார். விரல்கள் அசையவில்லை.

"ஒரு மலையணிலு. குட்டிக்கு மெத்தை போடப் பஞ்சு தேடி மில்லுக்குள்ள போச்சு."

ஃபேன் மட்டும் கிறீச்சிட்டது.

"சங்கு ஊதிருச்சு. மிஷினெல்லாம் ஓட ஆரம்பிச்சிருச்சு."

 பின்வரிசையில் சுப்புராஜ் வாட்சைப் பார்த்தார். முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர்.

"அணிலு பயந்துபோயி, பஞ்சு உள்ள போற மிஷின் வாயில எறங்கப் பாத்துச்சு. ஒரு கால வச்சிருச்சு. மறு காலையும்..."

"அங்க போகாத, அரைச்சிரும்!"

சுப்புராஜ் எழுந்தே நின்றுவிட்டார். நூறு தலைகள் திரும்பின. விரல்கள் உதட்டிலிருந்து நழுவின.

"கதைய நிப்பாட்டிரவா அண்ணாச்சி?" ஹெப்சிபா அவர் கண்ணையே பார்த்துக் கேட்டாள்.

அவர் முகம் கறுத்தது. போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"மொதல்ல மிஷின நிப்பாட்டச் சொல்லு. செவப்புப் பட்டன் இருக்கும்" என்றார்.

"யாரு அமுக்குவா?"

"நானு! நானு!" ஹாலே எழுந்து நின்றது. ஜெயக்கொடி மேசையைத் தட்டினார். யாரும் கேட்கவில்லை.

"மிஷினு நின்னுருச்சு" என்றாள் ஹெப்சிபா.

"ம்!" என்றது ஹால்.